முதல் நாளே சொல்லிவிடுவேன்

வெள்ளைக்காரர்களோடு வேலை செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எதுவாக இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு லொறி வராது, நாளைக்குத் தண்ணீர் நிற்கும், நாளைக்குப் பௌர்ணமிப் போயா விடுமுறை, கடை பூட்டு. இதையெல்லாம் மாலைத் தேநீர் நேரத்தில் சொல்லிவிட்டால் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். காலையில் சொன்னால் முகம் சுருங்கிவிடும். இரண்டு வருடத்தில் நான் ஒரே ஒரு தடவைதான் தவறவிட்டிருக்கிறேன். கடைசியில் அந்த நல்ல பழக்கமே என்னை உங்கள் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஹமீத். அதில் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் தமிழ் தெரிந்தவர், பொறுமையாகக் கேட்கிறவர், பிளேன்டீ கூட வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். முறையாகவே சொல்கிறேன்.

என் பெயர் யோகேஸ்வரன். ஊர் லிந்துலைக்கு மேலே மஞ்சக்கல் தோட்டம். அப்பா அங்கே தொழிலாளர்களுக்குப் பேர் போட்டு வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளையாக இருந்தார். நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்து இங்கிலீஷ் பழகிக்கொண்டேன். அந்த இங்கிலீஷுக்காகத்தான் ஜெர்மன் குழு என்னைப் பிடித்தது. பாழடைந்த பழைய கட்டடங்களைத் தேடிப் போய்த் தங்கள் கையாலேயே திருத்திக் கட்டுகிற தொண்டர்கள் அவர்கள். சொந்தச் செலவில் விமானம் ஏறி வந்து, சம்பளம் வாங்காமல் எங்கள் மலையில் கல் சுமந்தார்கள். இதைக் கேட்டுத் தோட்டமே சிரித்தது. பரம்பரையாகச் சுமந்தவர்களுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்.

அவர்கள் திருத்த வந்தது எங்கள் கல் லயம். தேயிலைக்கு முன்னால், கோப்பிக் காலத்தில் கட்டியது. கருங்கல் சுவர், ஒரே வரிசையில் சின்னச் சின்னக் காம்பிராக்கள், ஒவ்வொரு காம்பிராவிலும் ஒரு குடும்பம். ஜன்னல் கிடையாது. மண்சரிவுக்குப் பயந்து சனமெல்லாம் கீழே புது வீடுகளுக்குப் போன பிறகு கூரை விழுந்து, உள்ளே தேயிலைச் செடி முளைத்துக் கிடந்தது. அதை இருந்தபடியே எழுப்பி, நம் சனம் எப்படி வாழ்ந்தது என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம். இப்போதும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

குழுவுக்குத் தலைவி இங்கிரிட் அம்மையார். ஊரில் தேவாலயங்களுக்குக் கல் கொத்துகிற வேலை. அறுபது வயதில் சாரம் ஏறுவார். அவருக்கு என் வாய்தான் தமிழ். எங்கள் கொத்தனார்களுக்கு என் வாய்தான் இங்கிலீஷ். நடுவில் நான் இல்லாவிட்டால் ஒரு கல்லும் நகராது. என்னை எல்லோரிடமும் 'எங்கள் யோகேஷ்' என்றுதான் அறிமுகப்படுத்துவார். ஹோட்டலில் இருந்த காலம் முழுக்க என்னை விரல் சொடுக்கித்தான் கூப்பிட்டார்கள். அதை நினைத்துப் பார்த்தால் 'எங்கள் யோகேஷ்' என்பது எவ்வளவு பெரிய சொல் என்று உங்களுக்குப் புரியும்.

முதல் வருடம் ஒரு பிசகு நடந்தது. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எழவு என்றால் அடக்கம் முடியும்வரை யாரும் வேலைக்கு இறங்க மாட்டார்கள், உங்களுக்கும் தெரியும். தெரியாத வெள்ளைக்காரர்கள் காலையிலேயே வந்து, கையுறை போட்டுக்கொண்டு, ஆளில்லாத சுவருக்கு முன்னால் மத்தியானம் வரைக்கும் காத்திருந்தார்கள். அன்று மாலை இங்கிரிட் என்னைக் கூப்பிட்டு, "யோகேஷ், இனிமேல் இப்படியானதை எனக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்" என்றார். சாவை எப்படி முதல் நாளே சொல்வது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. சரி என்றேன்.

இப்போது ராக்காயி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எல்லோரும் கீழே போனபோது போகாதவர் அவர் ஒருவர்தான். லயத்தின் கடைசிக் காம்பிரா அவருடையது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, நாற்பது வருடம், அதே அடுப்பு. கொழுந்து எடுத்து ஓய்வு பெறுவதற்கு முன்னால் கொஞ்சக் காலம் பிள்ளைக்காம்பிராவில் ஆயாவாக இருந்தார். தாய்மார் மலைக்குப் போன பிறகு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. என் அம்மா சீக்காளி. அதனால் கணக்கப்பிள்ளை மகனாக இருந்தும் நானும் அங்கேதான் கிடந்தேன். பால்மா கரைத்துக் கொடுத்தது அவர் கைதான். இதை நான் மறைக்கவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

திருத்த வேலை மறு முனையிலிருந்து தொடங்கி, இந்த வருடம் அவர் வாசலுக்கு வந்து நின்றது. முதலில் நான் மரியாதையாகத்தான் கேட்டேன். உடப்புசல்லாவையில் அவருடைய மகன் வீடு கட்டியிருக்கிறான். நானே வேன் பிடித்துக் கொண்டுபோய் விட்டேன். ஒரு கிழமை தாங்கவில்லை. மருமகள் அடுப்படி மூலையில் பாய் போட்டாளாம். ஒரு நாள் பஸ் ஏறி வந்து, தன் காம்பிராவைக் கூட்டிப் பெருக்கி, அடுப்பை மூட்டிவிட்டார்.

"தம்பி, நீங்க மியூசியம் கட்டுங்க, நா வேணாங்கல" என்றார். "ஆனா நாங்க எப்பிடி வாழ்ந்தோம்னு காட்டுறதுக்கு, வாழ்ந்துக்கிட்டு இருக்கிறவள ஏன் வெரட்டுறீங்க? நா செத்தப்பறம் கண்ணாடி போட்டு வெச்சுக்கங்களேன்."

கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் வேலை என்று வந்தால் ஒரு முறை இருக்கிறது.

கூரைத் தகரங்களைக் கழற்றச் சொன்னேன். திருத்துவதற்கு என்று சொன்னேன். மூன்று நாள் மழை. அவர் தறப்பாளைக் கட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார். நான்காம் நாள் காய்ச்சலோடு வந்து கொத்தனார்களுக்குத் தேநீர் ஊற்றினார். பிறகு ஒரு நாள் அவர் வாசல் பக்கம் முட்டுக் கொடுத்திருந்த ஆப்பு ஒன்று கழன்று, ஒரு கல் அவர் பாதத்தில் விழுந்தது. ஆப்பைக் கழற்றியது நான். விரல்கள் நசுங்கிவிட்டன. இரண்டு விரலை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் வலியில் என் தோளைக் கடித்துக்கொண்டு வந்தார். வேறொருவராக இருந்தால் அத்தோடு மகன் வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

அடுத்தது அவருடைய நாய். சொக்கன் என்று பெயர். தொண்டர் பையன் ஒருவனைப் பார்த்துக் குரைத்தது. கடிக்கவில்லை, ஆனால் கடிக்கக்கூடும். கல் கொத்துகிற சுத்தியலால் மண்டையில் ஒரு போடு. நாய்கள் அதிகம் சிரமம் தருவதில்லை. வாலை ஆட்டிக்கொண்டுதான் கிட்டே வந்தது. உடம்பைச் சுண்ணாம்புக் குழியில் இறக்கி மூடினேன். இந்த மலையில் சிறுத்தைப்புலி வந்து நாயைத் தூக்குவது வழக்கமான செய்திதானே. புலி என்று சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அழுதார்கள்.

ராக்காயி அக்கா மட்டும் நொண்டிக்கொண்டே இடத்தைச் சுற்றிப் பார்த்தார். கல் குவியலுக்குப் பக்கத்தில் கிடந்த சுத்தியலைக் குனிந்து தொட்டு, விரலை முகர்ந்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"புலி சுத்தியல எடுத்து அடிக்குமாடா?"

அதுவரை என்னைத் தம்பி, வாங்க, போங்க என்றுதான் சொல்லுவார். கணக்கப்பிள்ளை மகன் அல்லவா. அன்றைக்குத்தான் முதன்முதலாக 'டா' வந்தது. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எங் காலுல கல்ல போட்டதும் நீதான். வெள்ளக்காரம்மாகிட்ட சொல்றேன் பாரு" என்றார்.

சொல்லவும் செய்தார். நேராக இங்கிரிட்டிடம் போய், அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் விட்டுச் சொன்னார். தகரத்தைச் சொன்னார், காலைச் சொன்னார், சொக்கனைச் சொன்னார். "இவன் ஒங்க பேர கெடுக்குறான்மா, இவன நம்பாதீங்க" என்றார். இன்னொன்றும் சொன்னார், அதை அப்புறம் சொல்கிறேன். கொத்தனார்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். பக்கத்தில் நான் மட்டும்தான். இங்கிரிட் என் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்கிறார், யோகேஷ்?

நாயை நினைத்து அழுகிறார் என்றேன். நீங்கள் எல்லோரும் காட்டுகிற அன்புக்கு நன்றி சொல்கிறார், சீக்கிரமே மகனிடம் போய்விடப் போகிறாராம், அதுதான் துக்கம் என்றேன்.

இங்கிரிட் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ராக்காயி அக்காவும் முதலில் ஆறுதலாகச் சாய்ந்தார். தன் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அப்புறம் இங்கிரிட் என்னிடம் சொன்னார்: "போக விருப்பமில்லை என்றால் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் காம்பிரா அப்படியே இருக்கட்டும். ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருக்கிற இடத்துக்கு எந்த மியூசியமும் ஈடாகாது."

நான் ராக்காயி அக்காவிடம் திரும்பி, "சனிக்கெழமைக்குள்ள காலி பண்ணச் சொல்றாங்க" என்றேன்.

அவர் இங்கிரிட்டின் சிரிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். படிக்காதவர்தான், ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது. கையை உதறிக்கொண்டு தன் வாசலுக்கு நடந்தார்.

ஆக, காம்பிரா இருந்தபடி இருக்கலாம் என்று தலைவியே சொல்லிவிட்டாரே, பிறகு ஏன் என்று நேற்று மேசையைத் தட்டிக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இங்கிரிட் இளகிய மனசுக்காரர். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இரக்கம் மிஞ்சினால் வேலை கெட்டுவிடும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் நடுவில் என் போன்றவன் இருக்கிறான்.

இன்னொரு சின்ன விஷயமும் இருந்தது. முதல் வருடம், முதல் வாரம், கணப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது இங்கிரிட் கேட்டார், நீங்கள் எந்தக் காம்பிராவில் பிறந்தீர்கள் என்று. கணக்கப்பிள்ளை குவார்ட்டர்ஸில் பிறந்தேன், ஓட்டு வீடு, மூன்று ஜன்னல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசிக் காம்பிரா என்றேன். மறுநாள் எனக்கு முன்னால் அந்த வாசலில் நின்று அவர் அழுதார். நான் பிறந்த மூலையைக் காட்டச் சொன்னார், காட்டினேன். எங்களுக்குப் பிறகுதான் ராக்காயி அக்கா குடிவந்தார் என்றும் சொல்லிவைத்தேன். அது அப்படியே வளர்ந்தது. வருகிற ஆடியில் ஜெர்மனியில் ஒரு மண்டபத்தில் நான் பேச வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. கடைசிக் காம்பிராவில் பிறந்தவன் பேசுகிறான் என்று படம் போட்டு விளம்பரமும் செய்துவிட்டார்கள். ராக்காயி அக்கா அன்று சொன்ன அந்த இன்னொன்று இதுதான்: "இவன் லயத்துலயே பொறக்கலம்மா. இவுங்க அப்பன் எங்களுக்குப் பேரு போட்டு வேல வாங்குன கணக்கப்பிள்ள." அவருக்கு இந்தக் கதை எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்களா? படத்தை நான்தான் பெருமையாகக் கொத்தனார்களிடம் காட்டியிருந்தேன்.

ஆனால் அதற்காக நான் செய்யவில்லை. தெளிவாக இருக்கட்டும். நான் செய்தது நம் சனத்தின் வரலாற்றுக்காக.

வியாழக்கிழமை பரிமளம் சொன்னாள், ராக்காயி அக்காவுக்குத் தினமும் காலையில் பால் கொண்டுவருகிறவள் அவள். அவளுடைய மகள் ஹம்சினி ஹட்டனில் வேலை பார்க்கிறாள், நல்ல இங்கிலீஷ். சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். "அக்கா அவள வெள்ளக்காரம்மாகிட்ட கூட்டிட்டுப் போகணும்னு சொன்னிச்சு, எதுக்குன்னு தெரியலங்க" என்றாள். நான் சிரித்துவிட்டு, வரச் சொல்லுங்கள், எனக்கும் உதவியாக இருக்கும் என்றேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வேலை முடிந்தது. தொண்டர்கள் குளிக்கப் போய்விட்டார்கள். மூடுபனி இறங்கியிருந்தது. நான் போனபோது ராக்காயி அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"உக்காரு" என்றார். "நாளைக்கி எல்லாம் தெரியத்தான போவுது. தேத்தண்ணி குடிக்கிறியா?"

குடித்தேன். சீனியைக் கையில் போட்டுக் கொடுத்தார், சின்ன வயதில் கொடுத்த மாதிரியே. "ஏன்டா யோகேசு, ஒனக்கு நா என்னடா செஞ்சேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். மிச்சச் சீனியை வாயில் போட்டுக்கொண்டேன். அவர் ரொட்டியைப் புரட்டக் குனிந்தபோது சுத்தியலை எடுத்தேன்.

முதல் அடி சரியாக விழவில்லை. அது என் பிழை. தலைத்துணி தடித்திருந்தது. அடுப்பின் மேல் கவிழ்ந்து, கை நெருப்பில் பட்டு, அப்போதுதான் கத்தினார். சத்தம் பனியைத் தாண்டிப் போயிருக்காது. இழுத்துத் தரையில் போட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைக்காம்பிராவில் கசப்பு மருந்து ஊட்டும்போது அப்படித்தான் பிடிப்பார், திமிற முடியாது. வயதானவர் கைக்கு இவ்வளவு பலமா என்று எனக்கு வியப்பாக இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க வேண்டியிருந்தது, ஒன்று ஒடிந்தது. பிறகு நெற்றியில் அடித்தேன், எலும்பு உள்ளே போகும்வரை. கண் ஒன்று திறந்தே இருந்தது, அதையும் சேர்த்து அடித்தேன். கொஞ்ச நேரம் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, அந்த இரண்டு விரல் இல்லாத கால். அது நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை.

ரொட்டி கருகிப்போயிருந்தது. எடுத்து வெளியே எறிந்தேன்.

வாசல் நிலைக்கு மேலே இருந்து கல் விழுந்து இறந்த மாதிரிக் காட்ட வேண்டும் என்று உடம்பை வாசலுக்கு இழுத்தேன். சுவரிலிருந்து ஒரு கல்லை அலவாங்கால் நெம்பி எடுத்துத் தலையில் போட்டிருந்தால் நீங்கள் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க மாட்டீர்கள். ஆனால் அது நூற்றைம்பது வருடச் சுவர், இன்ஸ்பெக்டர். அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. வெளியே கிடந்த குவியலிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்து போட்டேன். மறுநாள் நீங்கள் வந்து நின்று, கல்லைப் பார்த்து, சுவரை அண்ணாந்து பார்த்து, விழுந்த கல்லுக்கு மேலே ஓட்டையே இல்லையே என்று உங்கள் ஆளிடம் மெதுவாகச் சொன்னதை நான் கேட்டேன். நல்ல கண் உங்களுக்கு.

சுத்தியலைக் கழுவினேன், தரையைக் கழுவினேன், பீலித் தண்ணீரில் நின்று குளித்தேன். ஆறு மணிக்கு, வழக்கம்போல, தொண்டர்கள் தங்கியிருந்த பழைய பங்களாவுக்குப் போனேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். நாளைய வேலை என்ன என்று இங்கிரிட் கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகவே சொல்லிவிட்டது. நாளைக்கு வேலை இல்லை, அம்மையார். தோட்டத்தில் ஒரு சாவு. ஒருத்தரும் வரமாட்டார்கள். உங்களை எல்லாம் நல்லதண்ணிக்குச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போக வேன் சொல்லியிருக்கிறேன், விடிந்ததும் வரும்.

யார் என்று கேட்டார். வயதான ஒரு தொழிலாளி, உங்களுக்குத் தெரியாது என்றேன். இங்கிரிட் என் கையைத் தட்டிக் கொடுத்து, "முதல் நாளே சொன்னதற்கு நன்றி, யோகேஷ்" என்றார். எல்லோரும் சேர்ந்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். எனக்கும் மனம் நிறைவாக இருந்தது. ஒரு வேலை ஒழுங்காக முடிந்தால் வருமே, அந்த நிறைவு.

பரிமளம் பாலோடு வந்து கதவைத் தள்ளியது மறுநாள் காலையில். அதற்கு முன்னால் தோட்டத்தில் ஒருவருக்கும் ஒரு சாவும் தெரியாது. நல்லதண்ணியிலிருந்து திரும்பி வந்த இங்கிரிட்டிடம் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், எப்போது தெரியும் என்று. முதல் நாள் மாலை ஆறு மணிக்கே தெரியும், யோகேஷ் சொல்லிவிட்டார், அவர் எதையும் முதல் நாளே சொல்லிவிடுவார் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஹம்சினி அதைத் தமிழில் சொன்னாளாம். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர்கள் என் வாய் இல்லாமல் பேசியிருக்கிறார்கள். ஒரு சொல் பிசகாமல் சொல்லியிருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை.

அவ்வளவுதான். ராக்காயியைக் கொன்றது நான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். வேலையை நிறுத்த வேண்டாம் என்று இங்கிரிட்டிடம் சொல்லுங்கள். அக்காவின் கொழுந்துக் கூடை, அம்மிக்கல், ரொட்டித் தட்டு எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, ஒன்றையும் நான் உடைக்கவில்லை, காட்சிக்கு வைக்கலாம். அடுப்படிச் சுவரில் கருப்பாகப் படிந்திருப்பது நாற்பது வருடத்துப் புகை, அசல். தெரியாத பிள்ளைகள் யாராவது தேய்த்துக் கழுவிவிடப் போகிறார்கள், அதைத் தொட வேண்டாம். கழுவ வேண்டியதை நான் அன்றைக்கே கழுவிவிட்டேன்.